ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே

ஆசிரியப் பயிற்சி முடித்ததும் எனக்கு வேலை கிடைத்தது கடலோரத்தில். கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே, வண்டி மாடு மணலில் திணறித் திணறி நடந்து போய்ச் சேரும் ஒரு சின்னக் கரை ஊர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஆவூர்ப் பக்கத்தில் குடியானவர் வீட்டுப் பெண். மாதா கோயில் மணியும் நிலக்கடலைக் கொல்லையும் தவிர வேறொன்றும் அறியாதவள். அந்தக் கரை அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்ததால் எங்கள் வீட்டாருக்கு அது வேறு தேசம் மாதிரி. என்னைக் கொண்டுவந்து விட்ட அப்பா கடலை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "கதவை நல்லாச் சாத்திக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வண்டியேறினார்.

பள்ளிக்கூடம் ஒரு நீள ஓட்டுக் கட்டடம். நடுவில் தட்டி வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அங்கிட்டு ஹெட்மாஸ்டர் பெரிய பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தார். இங்கிட்டு என்னிடம் அரிச்சுவடி வகுப்பு. ஒன்றாம் வகுப்புக்குப் போகும் முன்பு நாலு வயசு, அஞ்சு வயசில் வந்து உட்காரும் பிள்ளைகள். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுமாகக் கலந்து இருந்தார்கள். பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். எல்லோர் தலையிலும் உப்புக்காற்று படிந்து மயிர் விறைத்து நிற்கும்.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒன்றுண்டு. முதலில் பொருள், பிறகு எண்ணுவது, அதற்குப் பிறகுதான் பெயர், கடைசியில் பலகையில் எழுதுகிற குறி. சின்னப் பிள்ளைகளுக்கு வாய் ஓடுகிற வேகத்துக்கு விரல் ஓடாது. மூன்று பொருளைத் தொடுவதற்குள் வாய் ஆறுக்குப் போய்விடும். பொருளைத் தள்ளித் தள்ளி வைத்தால் அதிகம் இருப்பதாகச் சொல்வார்கள், நெருக்கி வைத்தால் குறைந்துவிட்டது என்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் முதல் நாளே கரையில் சிப்பி பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு போனேன்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் எண்ணுவதற்குக் கற்றுக்கொண்டே வந்திருந்தார்கள். பத்து வரைக்கும் சொல்லுங்கள் என்றதும் எல்லோரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. அங்கே நின்றார்கள். அத்தனை வாயும் ஒன்றுபோல மூடிக்கொண்டது. ஒரு மூச்சு விடும் நேரம் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு எட்டு, ஒம்பது, பத்து என்று கூவி முடித்தார்கள்.

மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதே இடத்தில் அதே மௌனம். ஒரு பிள்ளைகூடத் தப்பவில்லை. மறதி என்றால் ஒன்றாவது உளறியிருக்கும்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சிப்பியை எண்ணச் சொன்னேன். அப்போதுதான் அந்த மௌனம் கணக்கை என்ன செய்கிறது என்று தெரிந்தது. ஆறாவது சிப்பியைத் தொட்டவுடன் விரலை மடக்கிக்கொள்வார்கள். மூச்சு விட்டுவிட்டு, அடுத்த சிப்பியைத் தொட்டு எட்டு என்பார்கள். பத்துச் சிப்பி பதினொன்றாகிவிடும். நான் பத்துத்தான் என்று பிரித்து வைத்துக் காட்டினேன். ஒரு பயல் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "ஒன்னு கூட இருக்கு டீச்சர்" என்றான். எங்கே என்று கேட்டேன். ஆறாவது சிப்பிக்குப் பக்கத்தில் வெறுந்தரையைக் காட்டினான்.

அடுத்த நாள் நானே எடுத்துச் சொன்னேன். ஆறுக்கு அப்புறம் ஏழு, எல்லோரும் சொல்லுங்கள், ஏழு, என்றேன். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. மற்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் என்னவென்று கேட்டேன்.

"அதச் சொல்லக்கூடாது டீச்சர்."

"ஏன்?"

"சொன்னா வந்துரும்."

எது வரும் என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. வரும் என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது.

நான் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை அந்த எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. உயரமான பெண்பிள்ளை. நரைக்கத் தொடங்கிய முடி தோளில் அவிழ்ந்து கிடந்தது. சேலை முழங்கால் வரைக்கும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஓடி வந்தவள்போல நெஞ்சு ஏறி இறங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. என் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கம்பியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்து, எழுதிப் பழகத் தரையில் பரப்பியிருந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். அவர் புதுக்கோட்டை டவுன்காரர், நல்ல மனிதர். அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், போர்டில் எழுதிப் போடுங்கள், வாயால் சொல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்றார். தானும் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சொல்வதில்லை என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினார். அதற்கு மேல் பேச அவருக்கு இஷ்டமில்லை என்று தெரிந்தது.

நான் குடியிருந்தது ஒரு முஸ்லிம் அம்மாள் வீட்டில். அவர் புருஷன் பினாங்கில் கடையில் இருந்தார். பின்கட்டு அறையை எனக்கு விட்டிருந்தார். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சனிக்கிழமை காலையில் அவரோடு மீன் வாங்கக் கரைக்குப் போனேன். மீனை எண்ணிப் போடுகிற பெண் ஆறு வரைக்கும் சத்தமாகச் சொல்லிப் போட்டாள். அடுத்த மீனைச் சத்தமில்லாமல் போட்டாள், கை மட்டும் அசைந்தது. பிறகு எட்டு என்றாள். பெரியவர்களுக்குக் கணக்கு சரியாக இருந்தது. அந்த மௌனத்தை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதற்குள் ஒரு மீன் விழுந்தது தெரியாமல் போய்விட்டது.

எனக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. எங்கள் பக்கம் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் அது ஒரு நல்ல பெயர். இங்கே பெயரே இல்லை, வாயை மூடிக்கொள்வது மட்டும்தான்.

திரும்பி வரும் வழியில் ராத்தாவிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்து, மீனைக் கழுவி வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து சொன்னார்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடைக் காலத்தில், ஏழு பேர் போன பெரிய வத்தை ஒன்று கவிழ்ந்துபோனது. வத்தை என்றால் பாய் கட்டி ஓடுகிற படகு. ஊரே கரையில் நின்றது. உடம்புகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. ஒவ்வொன்று ஒதுங்கும்போதும் ஊர்ப்பெரியவர் எண்ணைச் சொல்லிக் கூவினார். எந்த வீட்டுப் பெண் ஓடிவர வேண்டும் என்று தெரியாததால் எல்லாப் பெண்களும் ஓடினார்கள். இரண்டு நாளில் ஆறு உடம்பு கிடைத்தது. கிடைக்காதவன் கல்யாணமாகாத பையன். அவனுடைய அம்மா மட்டும் கரையைவிட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும்போது அலையில் ஏதோ நீளமாகப் புரண்டு வந்தது. பெரியவர் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார். அவள் பாய்ந்து போய் அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள். சொல்லாதீங்க, சொன்னா எம்புள்ள செத்துப்போயிடுவான் என்று கத்தினாள். வந்தது படகின் ஒடிந்த பாய்மரம். பையன் கடைசி வரை ஒதுங்கவே இல்லை.

"அன்னைக்கிருந்து யாரும் சொல்றதில்ல டீச்சர். மொதல்ல அவ மொகத்துக்காகச் சொல்லல. அப்புறம் சொன்னா அவன் எந்திரிச்சு வந்துருவான்னு புள்ளைக பேச ஆரம்பிச்சுதுக. இப்ப எனக்கும் வாயில வரல."

ஜன்னலில் நின்ற பெண்பிள்ளை யாரென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தாழம்புதருக்கு அடுத்த குடிசையில் அவள் தனியாக இருந்தாள். சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டுப் பிழைத்தாள். ஊர்க்காரர்கள் அவளுக்குத் தீங்கு எதுவும் செய்யவில்லை. அவள் வரும் வழியில் நிற்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் பெயரில்லாமலே பாடம் நடத்தினேன். ஆறு சிப்பியை வைத்து, பக்கத்தில் ஒன்றை வைத்து, இரண்டு கையையும் சேர்த்து விரித்து அத்தனை விரலைக் காட்டச் சொன்னேன். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அந்த விரல்களிலிருந்து இரண்டை மடக்கினால் எத்தனை என்றால் அஞ்சு என்று சரியாகச் சொன்னார்கள். ஓர் எண்ணுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் அது அங்கே இருக்கத்தான் செய்கிறது, கூட்டினால் கூடுகிறது, கழித்தால் குறைகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் வாய்ப்பாடாகச் சொல்லும்போது மட்டும் அந்த மௌனம் வரும். கொஞ்ச நாளில் நானும் அந்த இடத்தில் அவர்களோடு மூச்சைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

அப்படி ஒரு முற்பகலில்தான் முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பிள்ளைகள் ஆறு என்று சொல்லி நிறுத்தினார்கள். காற்றும் இல்லை. அந்த மௌனத்துக்குள், ஜன்னல் பக்கத்திலிருந்து, தாழ்ந்த குரலில் "உம்" என்று ஒரு சத்தம். ஆஜர் கூப்பிடும்போது பிள்ளைகள் பதில் சொல்வார்களே, அந்த மாதிரி. ஆண் குரலா பெண் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் உடனே எட்டு என்று ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அது பழகிய சத்தம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் வெளியே ஓடிப் பார்த்தேன். மணலும் புதரும் வெயிலும்தான் இருந்தன. அதற்குப் பிறகு அடிக்கடி கேட்டது. கேட்காத நாளில் நான் அதற்காகக் காத்திருப்பதையும் கவனித்தேன்.

சிப்பி விஷயம் அதைவிட என்னைப் பயமுறுத்தியது. சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மத்தியானப் பாடத்துக்காக மணல் பரப்பில் சிப்பிகளைப் படிப்படியாக அடுக்கி வைப்பேன். முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இப்படிப் பத்து வரைக்கும். கதவுக்குச் சங்கிலி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவேன். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் ஏழாவது வரிசையில் ஒரு சிப்பி குறைந்தது. கடைசிச் சிப்பி இருந்த இடத்தில் அதன் தடம் மட்டும் மணலில் அழுத்தமாக இருந்தது. சங்கிலி போட்டபடியே கிடந்தது. மற்ற வரிசைகள் ஒன்றும் கலையவில்லை. பிள்ளைகள் யாரும் எடுக்கவில்லை என்றார்கள், அவர்கள் பொய் சொல்லத் தெரியாத வயசு. வேறொன்று வைத்தேன். மறுநாளும் அதே இடம் காலியாக இருந்தது. எலி, நண்டு என்று ஏதேதோ நினைத்துப் பார்த்தேன். நண்டு வரிசை பார்த்து எடுக்குமா? பிறகு அந்தச் சிப்பியை வைப்பதையே விட்டுவிட்டேன்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். களத்தில் அப்பா கடலை அளந்து போட, நான் பக்கத்தில் நின்று எண்ணிச் சொன்னேன். லாபம், ரெண்டு என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. அப்பா மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். என்னப்பா என்றேன். ஒரு மரக்காலுக்கு நீ வாயே திறக்கலையே என்றார். நான் சொன்னேன் என்று நினைத்தேன். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். ஆறுக்கு அப்புறம் என் வாய் தானாக மூடிக்கொண்டதை இந்தத் தடவை நானே உணர்ந்தேன்.

"கரையில என்னத்தைப் புடிச்சிக்கிட்டு வந்த?" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பங்குச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போய்த் தீர்த்தம் தெளிக்கச் சொன்னாள். அன்று இரவு செபமாலை சொல்லும்போது ஆறாவது மணியைத் தாண்டியதும் என் விரல் நகரவில்லை. குடும்பமே அடுத்த மணிக்குப் போயிருந்தது. நான் அங்கேயே அந்த உம் சத்தத்தைக் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை வேண்டாம் என்று அம்மா அழுதாள். வீட்டில் சம்பளம் தேவையாக இருந்தது. அதைவிட, எனக்கே திரும்பிப் போகாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. அது என்ன மாதிரியான இழுப்பு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பிப் போனபோது ராத்தா வீட்டில் ஆள் கூடியிருந்தது. அன்னவாசலில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தார். கூடவே அஞ்சு வயசு மகள். பிரசவம் ஆகிற வரை அந்தப் பிள்ளையும் என் வகுப்புக்கு வரட்டும் என்று முடிவாயிற்று. துறுதுறுவென்ற பிள்ளை. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். வந்த அன்றே கொல்லையில் கோழிக்குஞ்சுகளை எண்ணியது. ஆறுக்கு மேல் போகும்போது ராத்தா பாய்ந்துபோய் அதன் வாயைப் பொத்தினார். பிள்ளை கையை விலக்கிவிட்டு என்னிடம் வந்து, ஏன் டீச்சர் என்று கேட்டது.

பிள்ளைக்கு ஊர்ப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள், வகுப்பில் சொல்லித் தொலைத்துவிடப் போகிறது என்று ராத்தா என்னிடம் கெஞ்சினார். ஓர் எண்ணை மறக்க ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? என்னால் ஆகாது ராத்தா என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. திங்கட்கிழமை நானே அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒன்றும் சொல்லவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துதான் கூட்டிப்போனேன்.

பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆறு என்று நிறுத்தினார்கள். அந்த மௌனத்தில், நடு வரிசையிலிருந்து, அந்த ஒரே குரல் கணீரென்று "ஏழு" என்றது.

எட்டு என்று யாரும் தொடரவில்லை. புதுப்பிள்ளை திரும்பித் திரும்பி எல்லோரையும் பார்த்தது. தட்டிக்கு அப்பால் ஹெட்மாஸ்டரின் குரலும் நின்றுபோனது. வெளியே யாரோ மணலில் வேகமாக நடந்து வருகிற சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கம் நிழல் விழுந்து, நகர்ந்து, வாசலுக்கு வந்தது. முன்பு ஜன்னலில் நின்ற அந்த அம்மாள் வாசற்படியில் நின்றார். பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருத்தனுக்குச் சிறுநீர் போய்விட்டது. நான் புதுப்பிள்ளையை எனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அந்தப் புள்ளைய இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க டீச்சர்" என்றார் அவர்.

குரல் கெஞ்சுகிற குரலாக இருந்தது. நான் குனிந்து பிள்ளையைப் பார்த்தேன். அது எனக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து இன்னொரு தடவை சொன்னது. அந்த அம்மாள் கதவு நிலையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். என்னிடம் பேசியதாகத்தான் தோன்றியது, ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற ஹெட்மாஸ்டரும் கேட்டார்.

"அன்னைக்கு ஒரு பொழுதுக்குத்தான் சொல்லாதீங்கன்னேன். அது கட்டைன்னு தெரியுற வரைக்கும். அதுக்கப்புறம் ஒருத்தரும் சொல்லல. எம்புள்ளைய எண்ணிக்கையிலருந்தே எடுத்துப்புட்டாக."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வந்த புதிதில் அந்த எண்ணைச் சொன்னது காதில் விழுந்து, சிப்பி பொறுக்குவதைப் போட்டுவிட்டு ஓடிவந்ததாகச் சொன்னார். இன்னொரு தடவை சொல்வேன் என்று ஜன்னலில் காத்திருந்தாராம். "என்னைக் கண்டதும் வாயை மூடிக்கிட்டீங்க" என்றார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. அந்த உம் என்ற சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். தான்தான் என்றார். பிள்ளைகள் அவன் இடத்தைச் சும்மா விட்டுவிட்டுப் போகும்போது யாராவது அவனுக்காகக் குரல் கொடுக்க வேண்டாமா என்று கேட்டார்.

சிப்பியையும் நீங்கள்தான் எடுத்தீர்களா என்று கேட்டேன். அவருக்கு நான் சொல்வது விளங்கவில்லை. மணலில் அடுக்கியிருந்த வரிசைகளைக் காட்டிச் சொன்னேன். அவர் அந்த வரிசைகளை வெகுநேரம் பார்த்தார்.

"நான் இந்தக் கட்டடத்துக்குள்ள இன்னைக்குத்தானே டீச்சர் கால் வைக்கிறேன்" என்றார்.

மறுநாள் வகுப்புக்கு வந்தது அந்த அன்னவாசல் பிள்ளை ஒன்றுதான். ஊரில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. படகுகள் கரையிலேயே கிடந்தன. பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பட்டப்பகலில், வெயில் கொளுத்தும்போது, அத்தனை வீட்டுக் கதவும் சாத்தியிருந்த அந்தத் தெருவில் நடந்து போனது இன்னும் எனக்கு மறக்கவில்லை. எல்லோரும் கடல் பக்கத்து ஜன்னலைக்கூட அடைத்திருந்தார்கள்.

ராத்தா என்னோடு பேசவில்லை. பிள்ளைக்கு ஓதி ஊதி, கையில் கறுப்புக் கயிறு கட்டினார். அந்த அம்மாள் சொன்னதை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். ஒரு பொழுதுக்குத்தானா, ஒரு பொழுதுக்குத்தான் சொன்னாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இத்தனை வருஷமும் இரண்டு தெரு தள்ளியிருந்தும் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தக் குடிசைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

அங்கிருந்து மூன்று பேரும் ஊர்ப்பெரியவர் வீட்டுக்குப் போனோம். அவர் அப்போது நடமாட்டம் குறைந்து கட்டிலோடு இருந்தார். அந்த அம்மாளைக் கண்டதும் வீட்டுப் பெண்கள் உள்ளே ஓடினார்கள். அவர் மட்டும் எழுந்து உட்கார முயன்றார். அந்த அம்மாள் வாசலில் நின்றபடியே, நீங்க தொடங்கின எண்ணிக்கைய நீங்களே முடிச்சுக் குடுங்க என்றார். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று பொழுது சாயும் முன்பே அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஈர மணலில் அந்தப் பையனுடைய பழைய வேட்டி ஒன்றை விரித்திருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, பெரியவர் எழுந்து நின்று கடலைப் பார்த்து எண்ணினார். ஒன்று என்று சொன்னதும் கூட்டத்தில் ஒரு பெண் விம்மினாள். அது அவள் புருஷனாக இருக்க வேண்டும். இரண்டு என்றதும் வேறு ஒருத்தி. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வீடு அழுதது. ஆறு என்று சொன்னார். அவர் தாடை ஆடியது, சத்தம் வரவில்லை. கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் போய் அவர் தோளைத் தொட்டார். பெரியவர் அந்த எண்ணைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

யாரும் வேட்டியைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நானும்தான். எதற்காகப் பார்த்தோம் என்று ஒருவரும் ஒருவரிடம் சொல்லவில்லை. தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது, அந்தக் கடலில் பெரிய அலை வருவதே அபூர்வம். அப்போது ஓர் அலை மற்றதைவிட உயரமாக ஏறி வந்து, எல்லோர் காலையும் நனைத்து, வேட்டியை மேலெடுத்தது. கூட்டம் ஒரே ஆளாகப் பின்வாங்கியது. அந்த அம்மாள் மட்டும் பின்வாங்கவில்லை. தண்ணீர் வடிந்தபோது வேட்டி இல்லை. பிள்ளைகள் சிலர் அதைத் தேடி ஓடினார்கள். பெரியவர்கள் அவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். பதினாறாம் நாள் முறைப்படி கருமாதி செய்தார்கள். அந்த அம்மாள் அன்றுதான் தலை முழுகினார்.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஆனாலும் அந்த எண்ணை வாயால் சொல்ல வெகுநாள் ஆயிற்று. முதலில் உதட்டை மட்டும் அசைத்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள். அன்னவாசல் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லவைத்தது. மழைக்காலம் தொடங்கும்போது பத்துச் சிப்பி பத்தாகவே இருந்தது. மணலில் வரிசைகளும் அதன்பிறகு குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று நினைத்துப் பார்க்கவும் எனக்குத் தைரியமில்லை.

ஊர்க்காரர்கள் அந்த அம்மாளிடம் பேச ஆரம்பித்தார்கள். வலிய வந்து மீன் கொடுத்தார்கள், கூரை வேய்ந்து கொடுத்தார்கள். ஆனால் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல அங்கே பார்த்தார்கள். அவருக்கும் அது தெரிந்திருந்தது. மீமிசல் பக்கம் அவருடைய தம்பி வீடு இருந்தது. அங்கே போய் இருந்துகொள்வதாக முடிவு செய்தார். கிளம்புகிற அன்று காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஜன்னலில் நின்றார். ஒரு சின்ன மூட்டைதான் கையில் இருந்தது. பிள்ளைகள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அவரைப் பார்த்துப் பயப்படவில்லை.

உள்ளே வரச் சொன்னேன். வேண்டாம் என்றார். எங்கள் பக்கம் யார் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் வாரேன் என்றுதான் சொல்வார்கள். சாவு வீட்டிலிருந்துதான் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள், போறேன் என்ற சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

"போறேன் டீச்சர்" என்றார்.

வாரேன் என்று சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் புதரைத் தாண்டியிருந்தார்.